நீல ஃபைலில் இருந்த பாட்டு

என் தங்கை இறந்து ஏழு மாதம் கழித்து, அவள் பகுதி நேரமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவர்களைக் கண்டால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது, அதனால் கோபம் வரும். அழுது முடித்துவிட்டு வரட்டும் என்று சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கினேன்.

வந்தவள் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் ஊர்க்காரி. ஜவுளிக்கடை வீட்டுப் பெண் என்பது அவள் போட்டிருந்த துப்பட்டாவிலேயே தெரிந்தது. என் தங்கையிடம் படித்தவள், இப்போது அதே இடத்தில் லெக்சரர். டீச்சர் நினைவாக ஒரு ஜாஸ் கச்சேரி வைக்கப்போகிறார்களாம். டிக்கெட்டில் வருவதைக்கொண்டு, பாட்டுப் படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அவள் பெயரிலேயே உதவித்தொகை கொடுக்கப்போகிறார்களாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"கடைசியா டீச்சரோட சொந்தப் பாட்டைப் பாடணும்க்கா," என்றாள். "வார்த்தை இல்லாத பாட்டு. க்ளாஸ்ல ஒரு வரி முனகிக் காட்டுவாங்க. மிச்சத்தைக் கேட்டா சிரிச்சுக்கிட்டே போயிருவாங்க. நீல ஃபைல்ல எழுதிக்கிட்டு இருக்கேன்னு சொன்னாங்க. அந்த ஃபைல் மட்டும் கிடைச்சா போதும்லா. அந்தப் பாட்டு இல்லன்னா டீச்சர் இல்லாத கச்சேரி மாதிரி ஆயிரும்."

தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஃபைல் கடல்ல இருக்கு," என்றேன்.

அதை விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் பதினாறாம் நாள் கடற்கரையில் போடும் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்போம். அப்பாவுக்குக் கள்ளும் சுருட்டும் வைத்தோம். தங்கைக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல், கொய்த்தியாவ் நூடுல்ஸ், சீனி போடாத கோப்பி. அவள் உயிராக வைத்திருந்தது எது என்று யோசித்தேன். தூங்கும்போதும் தலைமாட்டில் கிடக்கும் அந்த நீல ஃபைல்தான் ஞாபகம் வந்தது. அதையும் இலை ஓரத்தில் வைத்தேன். படைத்த பொருளைத் திரும்ப வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது, அவள் தேடிக்கொண்டு வந்துவிடுவாள் என்று லாபிஸ் ஊர்ச் சின்னம்மா சொன்னார். ஃபைலை அவளுடைய சேலை ஒன்றில் சுற்றி, மிதந்து கரைக்கு வந்துவிடக்கூடாதே என்று உள்ளே ஒரு கல்லையும் வைத்துக் கட்டி, நானே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கடலில் விட்டேன். அவளுக்காக நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, போனில் பதிவு ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். தங்கையின் போனை எடுத்து இருவரும் தேடினோம். வேறு யார் யாரோ பாடியதெல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. பக்குவம் வராததைப் பதிவு செய்யக்கூடாது என்பது அவள் கட்சி.

கிளம்பும்போது கேட்டருகில் நின்று, "நீங்க தினமும் கேட்டிருப்பீங்கதானே?" என்றாள். "ஒரே வீட்டுலதானே இருந்தீங்க?"

"கேக்காம எங்க போறது? சுவரு அவ்வளவு மெல்லிசு."

"அப்ப நீங்க முனகிக் காட்டுங்கக்கா. நாங்க எழுதிக்கிறோம்." அவள் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. எனக்கும் உள்ளே ஏதோ பாரம் இறங்கியது போல் இருந்தது. கடலில் போட்டதை நானே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நம்பினேன்.

எனக்கும் பாட்டுக்கும் வெகு தூரம். அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கு வந்தோம். இருவருமே கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. நான் சிங்கப்பூர் ஃபேக்டரி வேலைக்குப் போனேன். விடியுமுன் பஸ் பிடித்து, சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே பாலத்தில் கூட்டத்தோடு நெருக்கியடித்து, மாலை வீடு வந்து சேரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். கோயிலில் தேவாரம் பாடிக்கொண்டிருந்த என் தங்கை எப்படியோ ஜாஸில் போய் விழுந்தாள். ஹோட்டல் லவுஞ்சில் பாடினாள். அதைச் சொல்லும்போது உறவுக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களிடம் நான் சண்டைக்குப் போவேன். வீட்டுக்கு வந்து அவளிடம் வேறு மாதிரி பேசுவேன். நேராகப் போகிற பாட்டை எதற்கு ரவுண்டபவுட்டில் விட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறாய் என்பேன். அவளுக்குச் சிரிப்பு தாங்காது. டீச்சர் ஆன பிறகு, இதை என் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொல்லணும்க்கா என்பாள். அந்த ஹோட்டலிலிருந்துதான் அவளைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். அப்புறம் உறவுக்காரர்கள் சத்தமாகவே சொன்னார்கள்.

அடுத்த வாரம் லெக்சரரின் அறைக்குப் போனேன். ஹோட்டலில் என் தங்கைக்குப் பல வருடம் பியானோ வாசித்த சீனப் பெரியவரும் வந்திருந்தார். சாவு வீட்டில் கடைசி வரை நின்றவர். அவருக்கும் அவள் அந்தப் பாட்டில் ஒரு வரிக்கு மேல் பாடிக் காட்டியதில்லையாம். என்னிடம் மலாயில்தான் பேசுவார். நான் வெட்கப்படுவதைப் பார்த்து, "பெலான் பெலான்," மெதுவாக, அவசரமில்லை என்றார்.

என் குரல் என் குரல்தான். ஆனால் மெட்டு வந்தது. எனக்கே ஆச்சரியம். அவள் அந்தப் பாட்டைக் கட்டிய எட்டு மாதமும் சுவருக்கு அப்பால் தினமும் கேட்டது, எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் ஒரு வரி முனக, அவர் அதைப் பியானோவில் வாசிக்க, அது அவளுடையதாக மாறிவிடும். லெக்சரர் வாயைப் பொத்திக்கொண்டு எழுதினாள். இரண்டாவது பகுதியில் மெட்டு தாழ்ந்து போய், பிறகு படிப்படியாக ஏற ஆரம்பிக்கும். ஏறி ஏறி உச்சத்துக்குப் போனேன். அங்கே நின்றுவிட்டது.

"அப்புறம்க்கா?"

மறுபடி முதலிலிருந்து முனகினேன். அதே இடத்தில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் முறை முனகினேன். பெரியவர் கையைக் கட்டைகள் மேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதுவும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது எனக்கு நாலாம் முறையில் புரிந்தது. நான் வேலை முடிந்து வந்து கண்ணை மூடுகிற நேரமும், அவள் ஹோட்டலுக்குக் கிளம்புமுன் பாடிப் பார்க்கிற நேரமும் ஒன்றுதான். தாழ்ந்த குரலில் பாடும்வரை பொறுத்துக்கொள்வேன். அந்த உச்சக் குரல் வந்ததும் தலை விண்ணென்று தெறிக்கும். கையை மடக்கிச் சுவரில் குத்துவேன். "போதும்டி, மனுஷி தூங்கணும்!" அவள் உடனே நிறுத்திவிடுவாள். தினமும் அதே இடத்தில். ஒரே ஒரு நாள் மட்டும் கதவருகே வந்து நின்று, "இன்னும் கொஞ்சந்தான்க்கா இருக்கு, கேளேன்," என்றாள். நாளைக்குக் கேக்குறேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள், நான் யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, "பாட்டை முடிச்சிட்டேன்க்கா," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "சரி, சோறு ஆறுது பாரு," என்றேன். அதற்கு மூன்று மாதம் கழித்து வயிற்று வலி என்று டாக்டரிடம் போனோம். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அதன் பிறகு சுவருக்கு அப்பால் அவள் வாந்தி எடுக்கும் சத்தம்தான் கேட்டது. வேலையை விட்டுவிட்டு அவள் கூடவே இருந்தேன். இரவு பகல் பார்க்காமல் செய்தேன். பாடு என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் சாகப்போகிறாள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயந்தேன்.

இதையெல்லாம் அந்த அறையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மறந்து போச்சும்மா," என்றேன்.

லெக்சரர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு ஞாபகம் வைத்திருந்ததே பெரிசு என்றாள். அதற்கு மேல் டீச்சர் ஒருவேளை எழுதவே இல்லையோ என்னவோ என்றாள். மிச்சத்தைப் பெரியவரே கோத்து முடித்துவிடலாமா என்று கேட்டாள். பெரியவர் வேண்டாமென்று தலையாட்டினார். அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்திக்கொள்கிறேன் என்று மலாயில் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கச்சேரி ஒரு சனிக்கிழமை மதியம். வருஷம் திரும்புவதற்குள் கச்சேரிக்குப் போகிறாயா என்று சின்னம்மா போனில் ஏசினார். போனை வைத்துவிட்டுப் போனேன். மண்டப வாசலில் தங்கையின் பெரிய படம். மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஹோட்டலுக்கு ஒரு நாளும் போய் அவள் பாடுவதைக் கேட்டதில்லை. காலையில் எழ வேண்டும் என்பது என் நிரந்தரச் சாக்கு. மாலை போடலாமா வேண்டாமா என்று லெக்சரர் தயங்கினாள். சிரித்த மாதிரி இருக்கிற படத்துக்குப் போடாதே என்றேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. எனக்கு முன்வரிசையில் இடம். பிள்ளைகள் பாடினார்கள். மலாய்ப் பெண் ஒருத்தி பாடும்போது ஓரிடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து விட்ட விதம் என் தங்கையைப் போலவே இருந்தது. இத்தனை பிள்ளைகளின் தொண்டையில் அவள் இருக்கிறாள் என்று நினைத்ததும் அழுகை வந்தது. என் அழுகையைக் கண்டு எனக்கே கோபம் வரவில்லை, அதுவே அதிசயம்.

கடைசியில் அவள் பாட்டு. கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் பார்த்தேன். மலாயில் அச்சடித்திருந்தார்கள்: டீச்சர் முடிக்காமல் விட்டுச்சென்ற பாட்டு. லெக்சரரும் மேடையில் அதையேதான் சொன்னாள். பாட்டை முடிக்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை என்றாள். மண்டபமே உச்சுக்கொட்டியது. என் பக்கத்தில் சாஆ ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா, அங்கே படிக்கிற ஒரு பெண்ணின் தாய், என் தொடையைத் தொட்டு, "பாவம், அவங்களால முடிக்க முடியலயாம்," என்றார்.

பெரியவர் வாசிக்க ஆரம்பித்தார். அந்த மலாய்ப் பெண் பாடினாள். வரிக்கு வரி என் தங்கைதான். தாழ்ந்து போய், பிறகு ஏற ஆரம்பித்தது. உச்சத்துக்குப் போனது. நின்றது. பெரியவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், பலர் அழுதார்கள். அரைகுறையாக விட்டுப்போன ஒருத்திக்காக அழுதார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு மாதம் உழைத்து முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்து நின்றவள் அவள். ஃபைலைத்தான் கடலில் போட்டேன். அவள் முடித்தாள் என்பதையும் சேர்த்துப் போடுவதா? கைதட்டல் அடங்கி எல்லாரும் உட்காரும்போது நான் மட்டும் நின்றேன்.

"அவ முடிச்சிட்டா," என்றேன். "நான்தான் கேக்கல. இந்த இடத்துக்கு வந்தா நான் சுவத்தைத் தட்டி நிப்பாட்டிருவேன்."

முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். சாஆ அம்மா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் என்ன, என்ன என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். லெக்சரர் மேடையிலிருந்து இறங்கி வந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு மைக்கை நீட்டினாள். வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.