முதல் கேள்வி

தனியார் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள் அவள். யார் வந்தாலும், "பணமா, இன்சூரன்ஸா?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்காமல் விட்டால் மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்து வந்த முதல் நாளும் பாழாய்ப்போன நாக்கு சும்மா இருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவரிடம் அதையே கேட்டுத் தொலைத்தது. அவர் வாசலைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

தலைதெறிக்க ஓடி வாசலில் மறித்தாள். "ஐயா, மன்னிச்சுக்குங்க, பழக்க தோஷம்! இங்க ஒத்தைக் காசு தர வேண்டாம். உள்ள வாங்க."

பெரியவர் மூச்சிரைக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "அப்ப, எனக்கு என்ன பண்ணுதுன்னு கேளும்மா."