ரெண்டாங்கியரும் ட்யூனர் பெட்டியும்

கண்ணாடிக் கடையில் அவரை எல்லோரும் ரெண்டாங்கியர் என்றுதான் சொல்வார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் போனை எடுத்தால் அவரே "ரெண்டாங்கியர் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அவருடைய பிக்கப் வண்டியில் ஐந்து கியர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பின்னால் கண்ணாடி நிற்கும்போது மூன்றாவதுக்குப் போக மனசு வராது, அவ்வளவுதான்.

அவர் லோடு ஏற்றுவதைப் பார்த்தால் குழந்தையைத் தூளியில் போடுகிறாரோ என்று தோன்றும். வண்டியின் முதுகில் கூடாரம் போல இருபுறமும் சரிந்த மரச்சட்டம் ஒன்று உண்டு. அதில் கண்ணாடிகளைச் சாய்த்து, இடையிடையே பழைய கம்பளத் துண்டுகளைச் செருகி, பெல்ட்டால் இறுக்கி, பிறகு கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா நிற்பார். ஏதாவது நடுங்குகிறதா என்று பார்க்கிறாராம். ஜன்னல் கண்ணாடி அவருக்கு வெறும் லோடு. முகம் பார்க்கும் கண்ணாடி ஏற்றிய நாளில்தான் ஆளுக்குக் கிறக்கம். வண்டியின் இரண்டு பக்கமும் வானம் ஓடும். மரங்கள் தலைகாட்டிவிட்டு மறையும், மாடி வீட்டுக் கொடியில் காயும் சட்டை ஒன்று கண்ணாடிக்குள் நடந்துபோகும். பக்கக் கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர் வேகமாகப் போகவில்லை என்று குறை சொன்னால் யாருக்கு என்ன லாபம்? அத்தனை வருடத்தில் ஒரு கண்ணாடியில்கூட கீறல் விழுந்ததில்லை.

மேடுதான் அவருக்கு எமனாக வந்தது. ஊரின் ஒரு கோடியில் பாறைக் குன்று ஒன்று இருந்தது. அதன்மேல் வீடுகள் முளைக்க ஆரம்பித்தன. வீடு என்றால் ஜன்னல், ஜன்னல் என்றால் கண்ணாடி. முதல் தடவை ஏறியபோது மூன்றாவது வளைவில் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். பிரேக்கை விட்டால் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. அந்த ஒரு முழத்தில் அவருக்கு உயிரே போய்விட்டு வந்தது. யார் யாரோ கைகாட்ட, குன்றின் அடிவரை பின்னாலேயே இறங்கினார். மறுநாளே முதலாளியம்மா மேட்டு லோடு முழுவதையும் இன்னொரு டிரைவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அவனுக்குக் கடையில் காத்து என்று பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் அவருக்கு மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. பிரச்சினை வேறு. கண்ணாடி பொருத்துவது அவருடைய மனைவியின் வேலை. அளவெடுத்து அறுத்து, சட்டத்தில் உட்காரவைத்து, விளிம்பில் புட்டிப் பசை பூசி, விரலால் ஓர் இழுப்பு இழுத்தாளானால் கோடு போட்ட மாதிரி இருக்கும். மேட்டு வீடுகளுக்கு அவளைத்தான் கேட்டார்கள். ஆகவே தினமும் காலையில் அவர் மனைவி காத்துவின் வண்டியில் ஏறி மேலே போனாள், அவர் வேறொரு ஃபிட்டரை ஏற்றிக்கொண்டு சமதளத்தில் போனார். சாயங்காலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். வழி முழுக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? ஆனாலும் சாப்பிடும்போது மேலே பார்த்ததைச் சொல்வாள். ரயில் போவது அங்கிருந்து பார்த்தால் எறும்பு ஊர்வது போல இருக்குமாம். மேகம் சில நாள் ஜன்னல் வைக்காத அறைக்குள் வந்து நின்றுவிட்டுப் போகுமாம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். பொறாமையா என்று கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பார். அவளைத் தன் வண்டியில், தன் பக்கத்து சீட்டில் வைத்து அந்த மேட்டில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆசை அவருக்குக் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். மனைவியின் தம்பி. அவனும் அதே ரக பிக்கப் ஒன்றை வைத்து நாற்காலி மேசை ஏற்றிக்கொண்டிருந்தவன், வண்டியை விற்றுவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டான். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை, நாலு பட்டன், ஒரு வயர். ட்யூனர் என்றான்.

"வண்டிக்குள்ள ஒரு மூளை இருக்கு மாமா. செஞ்சவன் அதுக்கு பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கான். மீதிய இது சொல்லிக் குடுக்கும். அப்புறம் பாருங்க, மேடாவது கீடாவது."

பிறகு விளக்கினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும், வயரை அதில் சொருகவேண்டும். சாவி ஆனில் இருக்கவேண்டும், என்ஜின் ஓடக்கூடாது. விசிறி, ரேடியோ, விளக்கு எதுவும் கூடாது. பெட்டி முதலில் வண்டியின் பழைய படிப்பை ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்தும், பிறகு புதுப் படிப்பை எழுதும். மூன்று தடவை பீப் வரும், மூன்று தடவை பட்டனை அமுக்கவேண்டும். இருபது நிமிடம் ஆகும். எக்காரணம் கொண்டும் நடுவில் கதவைத் திறக்கக்கூடாது, உள்விளக்கு எரிந்து பேட்டரி இறங்கினால் வண்டியின் மூளை பாதியில் காலியாகிவிடும், பிறகு தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் மறக்கவே இல்லை. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தார், யாரும் கதவுப் பக்கம் வரவேண்டாம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பின்னால் ஆளில்லாத முற்றத்தில் வண்டியை நிறுத்தி வயரைச் சொருகினார். சொருகியதுமே பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டன. மூன்று தடவை அமுக்கினார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கண்ணைத் திறக்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்தார்.

அந்த இருபது நிமிடம் அவருக்கு எங்கே போயிற்று என்று அவராலேயே சொல்ல முடியாது. கேபினுக்குள் வெயில் இதமாக இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. அந்த நிசப்தத்தில் யாரோ மெல்லிய குரலில் வண்டிக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பது போலவும், வண்டி தலையாட்டிக் கேட்பது போலவும் இருந்தது. பிறகு முற்றம் தானாகச் சரிந்து மேடாயிற்று. கண்ணாடி முழுக்க வானத்தை வைத்துக்கொண்டு வண்டி ஏறிற்று. பஞ்சு மூட்டை ஏற்றியது போலக் கனமே இல்லை. பக்கத்து சீட்டில் மனைவி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மேகத்தைத் தடவினாள். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது பெட்டியின் திரை இருட்டாக இருந்தது. வயரைப் பிடுங்கிச் சுருட்டிவைத்தார்.

அன்று சாயங்காலமே காலி வண்டியோடு குன்றுக்குப் போனார். அதுவரை ஆக்ஸிலரேட்டரில் முட்டையின் மேல் கால் வைப்பது போலத்தான் வைத்துப் பழக்கம். இன்றைக்குப் புதுப்படிப்பு படித்த வண்டியாயிற்றே என்று அழுத்தினார். வண்டி திமிறிக்கொண்டு ஏறியது. மூன்றாவது வளைவைத் திரும்பியபோது கியர் மூன்றில் இருந்தது. மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுவாரம் லோடோடு ஏறினார். அதற்கடுத்த வாரம் முதலாளியம்மாவிடம் போய் மேட்டு லோடைக் கேட்டார். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் அந்த அம்மாள். அந்த ஒரு வாரம் ஏழு வருடமாக நீண்டது.

ஏழு வருடக் காலைகள். அவள் காலடியில் புட்டி டப்பாவும் கண்ணாடியைக் கவ்விப்பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்களும் கிடக்கும். மகளின் படிப்பு, வீட்டு ஒழுகல், யார் யாரோடு பேசுவதில்லை என்று அடிவாரம் வரை பேச்சு ஓடும். மேட்டில் ஏற ஆரம்பித்ததும் பேச்சு தானாக அடங்கிவிடும். பனி இறங்கிய நாட்களில் சாலையே தெரியாது. முன்னால் வெள்ளை, பின்னால் கண்ணாடிக்குள்ளும் வெள்ளை, நடுவில் இவர்கள் இரண்டு பேர். அந்த நேரத்தில் அவர் மனசு நிறைந்திருந்தது. இதற்கெல்லாம் அந்தப் பெட்டிதான் காரணம் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னார். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

போன வாரம் காத்து அவரிடம் தயங்கித் தயங்கி வந்தான். புதிதாக எடுத்திருக்கும் பிக்கப் லோடு வைத்தால் நகரமாட்டேன் என்கிறதாம், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தரமுடியுமா என்றான். ரெண்டாங்கியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காத்துவே வந்து கேட்கிறான் என்றால் சும்மாவா. மறுநாள் காலையில் முற்றத்தில் அவனுடைய வண்டிக்குப் பக்கத்தில் நின்று, மச்சினன் சொன்னதையெல்லாம் தான் கண்டுபிடித்த மாதிரி விளக்கினார். அவருடைய வண்டியில் அன்றைய லோடு ஏற்கனவே ஏறியிருந்தது. மேலே புதிதாகக் கட்டிய நடனக்கூடத்துக்கு ஏழடி உயரக் கண்ணாடி நான்கு.

காத்து வயரைச் சொருகினான். கண்ணை மூடிக்கொள்ளும் ஆள் இல்லை அவன். திரையில் வந்ததைச் சத்தமாகப் படித்தான். இந்தப் பெட்டி வேறொரு வண்டியோடு இணைக்கப்பட்டுள்ளது, அந்த வண்டியின் மூல அமைப்பைத் திருப்பி எழுதும் வரை இதை வேறு வண்டியில் பயன்படுத்த முடியாது என்று இருந்தது. கீழே அந்த வேறொரு வண்டியின் எண். உங்க வண்டிதானே என்று சொல்லிக்கொண்டே ரெண்டாங்கியர் வண்டியில் ஒப்பிட்டுப் பார்த்தான். எண் பொருந்தவில்லை. அதிலேயே சொருகிப் பார்த்தான். மூன்று பீப் வந்தது, அதே வாசகம் வந்தது.

மச்சினனுக்குப் போன் போட்டார்கள். எண்ணைச் சொன்னதும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அது அவன் விற்ற பழைய வண்டியின் எண். விற்கும்போது பழைய படிப்பைத் திருப்பி எழுத மறந்துவிட்டானாம். பெட்டி இன்னும் அதையே கட்டிக்கொண்டு கிடக்கிறது.

"அப்போ என் வண்டிக்கு?" என்று கேட்டார் இவர்.

"ஒண்ணும் நடந்திருக்காது மாமா. கம்பெனிலேர்ந்து வந்த மாதிரியேதான் இருக்கும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. காத்து சிரிக்கவில்லை. அதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். வயரைப் பெட்டியில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில், "அண்ணே, வேணும்னா இன்னிக்கு லோடை என் வண்டில மாத்திக்கலாம். அண்ணியையும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவருக்கு அந்த மூன்றாவது வளைவும் ஒரு முழமும் கண்முன்னால் வந்து நின்றன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கும் அதுதான், நாளன்றைக்கும் அதுதான். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குள் அவர் மனைவி பையோடு வந்து, வழக்கம்போல அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நேரமாகிறது என்றாள்.

அடிவாரம் வரை வாயே திறக்காமல் ஓட்டினார். இரண்டாவது கியர். மேடு ஆரம்பிக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தினார்.

"அந்தப் பெட்டி நம்ம வண்டில ஒண்ணுமே செய்யலையாம்."

"தெரியும்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார், அவள் விவரமாகச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். கதவைத் திறக்கக்கூடாது என்று அவர்தானே சொல்லிவைத்திருந்தார், ஆகவே வெளியே நின்றிருக்கிறாள். அவர் மடியில் இருந்த பெட்டியில் இது வேறு வண்டி என்று எழுதியிருந்ததைக் கண்ணாடி வழியாகப் படித்திருக்கிறாள். அது அணைந்து இருட்டாவதையும் பார்த்திருக்கிறாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கண்ண மூடிட்டு சிரிச்சிட்டிருந்தீங்க. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எழுப்ப மனசு வரல. சாப்பாட்ட பானட்டு மேல வச்சிட்டுப் போயிட்டேன்."

ஏழு வருடம். வண்டியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே தினமும் இதில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

"பயமா இல்லையா உனக்கு?"

"பயமா இருந்தா தூக்கம் வருமா?" என்றாள் அவள். "முதல் வளைவு தாண்டினா நான் என்னிக்காவது முழிச்சிருந்திருக்கேனா?"

இல்லைதான். அவள் தூங்கிவிடுவாள். வீட்டு வேலை அலுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காத்துவின் வண்டியில் கைப்பிடியை விடாதவள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். முதல் வளைவு தாண்டியதும் அவள் தலை கதவுப் பக்கம் சாய்ந்தது.

மூன்றாவது வளைவில் சிமெண்ட் லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அவர் நிறுத்தவேண்டியதாயிற்று. பின்னால் இரண்டு வண்டிகள் வந்து ஒட்டிக்கொண்டன. நாலு கண்ணாடியிலும் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. லாரி மெதுவாக விலகியபோது அவருக்கு அந்த ஒரு முழம் ஞாபகம் வந்தது. கைபிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை மெல்ல விட்டு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் அந்த நொடிக்குக் காத்திருந்து, பிரேக்கை விடுவித்தார். பிக்கப் ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. அவள் தூக்கத்திலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் இரண்டாவதுக்கு மாற்றினார், பிறகு மூன்றாவதுக்கு.