நீக்கப்பட்ட சிவப்புப் புள்ளி

2019 மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு அவரை முதன்முதலாகப் பார்த்தேன். நான் பிழைதிருத்துநராகப் பணியாற்றும் அச்சகத்துக்குள், மருத்துவமனையின் நீலச் சீருடையோடு விடுவிடுவென நுழைந்தவர், அச்சாகி அடுக்கியிருந்த தாள்கட்டின்மேல் கையை ஊன்றி நின்றார்.

"இதுல ஒண்ணைக்கூட மடிக்கக் கூடாது."

அவர் மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுப்பவர். ஊழியர் முதல் நோயாளி வரை எல்லோருக்கும் 'எக்ஸ்ரே அக்கா'. வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு கேமராவைப் பொருத்தி வானத்தையும் படமெடுப்பார். வானியல் மன்றத்தின் ஆண்டுமலருக்கு அவர் கொடுத்த படத்தில், வெள்ளை நட்சத்திரங்களுக்கிடையே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அது ஒரு குவாசர். எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே கொழுந்துவிட்டு எரியும் ஒளி. அந்த ஒளி இங்கே வந்து சேர ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டுகள் பிடித்தன. படவிளக்கம் வருமுன்பே, அச்சுக்கு முந்தைய மெய்ப்பைப் பார்த்த நான், தெறித்த மை என்று எண்ணி அதைச் சுழித்து, ஓரத்தில் நீக்கற்குறி இட்டிருந்தேன். அதற்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. அச்சான தாள்களில் அந்தப் புள்ளி இல்லை.

முதலாளி சிரித்தார். "ஏம்மா, ஊசிமுனை அளவு புள்ளி. அதுக்காக ஆயிரம் தாளையும் தூக்கிப் போடறதா? சிவப்புப் பேனா தர்றேன், உக்காந்து வெச்சுட்டுப் போங்க."

"நான் வெச்சா அது என் புள்ளி, அண்ணே. அது தானா வந்த புள்ளி."

மலரைப் பார்வையிட வந்திருந்த மன்றச் செயலாளர் குறுக்கிட்டார். "அது கேமரா கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேனே! போனது போகட்டும். கலர் கலரா ஒரு நெபுலா மேகம் குடுத்திருந்தா பக்கமே களைகட்டியிருக்கும். இதை யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாங்க?"

"பாக்கறவங்க பாக்கட்டும், பாக்காதவங்க போகட்டும். இருக்கறதை இல்லன்னு அச்சடிக்கக் கூடாது." என் காதில் செருகியிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தபடி கேட்டார்: "ஏன் சார், மெய்யெழுத்துல புள்ளி சின்னதா இருக்குன்னு அழிச்சிடுவீங்களா?"

இலக்கணம் படித்தவனை இதைவிட நறுக்கென்று கேட்க முடியாது. அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"கோளாறு இல்லன்னு காட்டிட்டா, மறுபடி அச்சடிப்பீங்களா?"

"காட்டுங்க, பாப்போம்" என்று முதலாளி கைகட்டிக்கொண்டார்.

அவர் எக்ஸ்ரே உறையிலிருந்து ஒளி ஊடுருவும் மூன்று தாள்களை உருவி எங்கள் விளக்கு மேசைமேல் வைத்தார். மூன்று வெவ்வேறு நாள்களில், ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி எடுத்த படங்கள் அவை.

"நெஞ்சுப் படத்துல சந்தேகமா ஒரு நிழல் தெரிஞ்சா, ஆளைத் திருப்பி நிக்க வெச்சு இன்னொண்ணு எடுப்போம். சட்டைப் பொத்தானா இருந்தா குட்டு வெளிப்பட்டுடும்."

முதலில் தாள்களின் ஓரங்களைப் பொருத்தினார். சிவப்புப் புள்ளிகள் மூன்றும் மூன்று இடங்களில் நின்றன.

"கேமரா கோளாறா இருந்தா இப்ப ஒரே எடத்துல நிக்கணும். நிக்குதா?"

பிறகு நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். மூன்று புள்ளிகளும் ஒன்றாயின.

செயலாளர் குனிந்தார், நிமிர்ந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி புது அச்சுத் தகடு போட உத்தரவிட்டுவிட்டு, வடிவமைப்பாளர், தகடு செய்பவர், நான் ஆகிய மூவரையும் வரிசையாக நிறுத்தினார்.

"எவன்யா அதை நீக்கச் சொன்னது?"

முந்தைய வாரம்தான் ஒரு தலைப்புப் பிழைக்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நான் நீக்கற்குறி இட்ட மெய்ப்பு மேசையில் கிடந்தது. எக்ஸ்ரே அக்கா அதை முந்திக்கொண்டு எடுத்தார். ஓரத்தில் என் கையெழுத்து இருந்தது. அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எவரா இருந்தா என்ன, அண்ணே? முதல்ல மெஷினை ஓட்டுங்க."

அதன்பின் ஐந்து மலர்கள் அச்சாகிவிட்டன. ஒவ்வொன்றின் மெய்ப்பையும் பார்க்க வருகிறார். ஒவ்வொரு புள்ளிக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். அன்று மடித்து எடுத்துப்போன அந்தத் தாளைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.