மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த பவழமல்லி

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கிரிவலப் பாதையில் துப்புரவுக்காரர்கள் நாம் எல்லோரும் அன்னதானப் பாக்குமட்டைத் தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. கன்னியம்மாக்காவின் மகள் அழவில்லை. "அம்மா போயிட்டாங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். மூன்று நாள் காய்ச்சல். அதில் இரண்டு நாள் அக்கா வேலைக்கு வந்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் லீவு இல்லை. தட்டுகளை எறிந்துவிட்டுப் போன பக்தர்களுக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும். அக்கா படத்தை அச்சடித்து அஞ்சலியில் 'தன்னலமற்ற சேவை' என்று எழுதப்போகிறவர்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்: எழுதாதீர்கள். அக்காவுக்கு இந்த வேலை பிடிக்காது. அவருக்குப் பிடித்தது செடி.

நான் பி.ஏ. முடித்துவிட்டுக் குப்பை வண்டி ஓட்ட வந்த நாளிலிருந்து என் வண்டியில் கூட வந்தவர் அவர். கால்வாய் ஓரத்துச் சந்தில் கடைசி வீடு. முதல் தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சந்துக்குள் போனேன். அவர் வாசலில் கையை எடுத்துவிட்டேன். நடக்கும் வழியின் இரண்டு பக்கமும் மருக்கொழுந்து. துணி உரசினாலே மணக்கும்படி நெருக்கி வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கீழே மல்லி. குளித்த தண்ணீர் போகும் வழியில் வெட்டிவேர். கால்வாய்ப் பக்கத்து வேலியில் முல்லை. தொட்டிகள் எல்லாம் ஊர் தூக்கியெறிந்தவை. ஏதோ லாட்ஜின் உடைந்த வாஷ்பேசினில் இருவாட்சி பூத்திருந்தது. உரம், பௌர்ணமிக் குப்பையில் வந்த மாலைகள்.

"இன்னாக்கா, நாத்தத்த மறைக்கவா இவ்ளோ செடி?" என்று கேட்டேன்.

"மறைக்கிறதுக்கு இல்லடா. நாளெல்லாம் ஊரு நாத்தத்த மோந்துட்டு வரேன். வூட்டுக்கு வந்தா மூக்குக்காவது லீவு வுட வேணாமா?"

ஒரு மார்கழியில் மல்லிச் செடிகளை வெட்டி மொட்டையாக விட்டிருந்தார். தண்ணீரும் காட்டவில்லை. பாவப்பட்டு நான் நாலு குடம் ஊற்றினேன். செடி தழைத்தது, இலை இலையாகத் தள்ளியது, பூக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க அக்கா கடையில் வாங்கிய பூவைத்தான் வைத்துக்கொண்டார். "யாரு உபயம்னு கேளுங்க" என்று வண்டியில் ஏறும்போதெல்லாம் என்னைக் காட்டுவார்.

பின்பக்க மதிலை ஒட்டி அவருடைய பவழமல்லி மரம். மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவின் பெரிய வீடு. நாங்கள் தினமும் குப்பை வாங்கும் வீடுதான். அந்த வீட்டம்மா அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தால் பழைய பாட்டிலில் கொடுப்பார். குடித்ததும் அதையும் வண்டியிலேயே போட்டுவிடச் சொல்வார். தரையில் விழுந்ததைப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கிற பூ பவழமல்லி. மரத்தில் பாதிக் கிளை அந்தப் பக்கம். காலையில் அந்தம்மா தட்டு நிறையப் பொறுக்குவதை மதில் மேலிருந்து பார்த்தேன். அரிவாளை எடுத்துவிட்டேன்.

"கிளைய வெட்டப்போறேன்க்கா. நீ தொட்ட பாட்டில் ஆவாது, உன் மரத்துப் பூ மட்டும் சாமிக்கு ஆவுதா?"

"வெட்டுனா அவங்களுக்குப் பூ இல்ல, எனக்குப் பாதி மரம் இல்ல. கீழ எறங்கு."

மறுநாள் அந்த வாசலில் குப்பை வாளியை வாங்கும்போது அக்கா கேட்டார்: "பூ இன்னிக்கி ஜாஸ்தியாம்மா?"

"எந்தப் பூ?"

"பவழமல்லி. எங்க வூட்டு மரம்தாம்மா அது."

மதிலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அந்தம்மா எட்டிப் பார்த்ததே இல்லை. உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் அந்த வாளியில் காய்கறித் தோலுக்கு மேலே பவழமல்லி கிடந்தது. வாளியை அவர்கள் வாசலிலேயே கவிழ்க்கப் போனேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பூவை மட்டும் முந்தானையில் அள்ளினார். "குப்பைனு குடுத்துட்டாங்க. இனிமே நம்மளுது." ஒரு வாரம் இப்படியே நடந்தது. செம்மஞ்சள் காம்புகளைக் கிள்ளிக் காயவைத்துக் கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியை அதில் தோய்த்தார். மூக்கில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துணி கொடுத்தார். உங்களில் பலரிடம் அது இருக்கும். சாயம் எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லிவிட்டேன்.

எட்டாம் நாள் வாளியில் பூ இல்லை. அந்தம்மா மறுபடி பொறுக்க ஆரம்பித்திருந்தார். "சாமி கேட்டிருக்கும்" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவரை அடங்கிப்போனவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். அன்றிலிருந்து அவர் ஒரு நாள் விடாமல் அந்த வாசலில் அதே கேள்வியைக் கேட்டார். ஒரு நாளும் பதில் வந்ததில்லை.

அவரைக் கிடத்தியிருந்த அன்று, நம் பக்கம் விழுந்திருந்த பூவையெல்லாம் அவர்மேல் போட்டோம். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. செடிகளை மகள் பார்த்துக்கொள்கிறாள். மார்கழியில் மல்லிக்குத் தண்ணீர் விடாதே என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது அந்தத் துணியும் அந்தக் கேள்வியும்தான். நேற்றுக் காலை துணியைக் கட்டிக்கொண்டு அதே வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"பூ இன்னிக்கி ஜாஸ்தியாம்மா?"

அந்தம்மா வாளியை நீட்டியபடி நின்றார். வண்டியில் அக்கா உட்காரும் இடத்தைப் பார்த்தார்.

"கம்மிதான்" என்றார்.