கொதிக்கிற மூடியைத் திறந்த கை

பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள். அதனால், பிள்ளைக்குச் சுகமில்லாத பதற்றத்தில் எதையோ கண்டிருப்பாள் என்று நீங்களும் சொல்லாதீர்கள். அதை என் வீட்டுக்காரர் வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார்.

அவர் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிப் போன துரையிடம் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். தை மாதம், மத்தியானம். கைக்குழந்தை காய்ச்சலில் கண் செருகிக் கிடக்க, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நானுஓயா தாண்டி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய், பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினார். சுற்றிலும் ஒரே மூடுபனி.

ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஒழுக்கு எங்கும் இல்லை.

"ஏங்க, தண்ணி இருக்கான்னு பாருங்களேன்."

"இப்ப ரேடியேட்டர் மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும். ஆறட்டும், நீ சும்மா இரு."

மடியில் பிள்ளை கொதிக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது?

அப்போது தலையில் கம்பளி போட்ட ஒரு பெண் தகர வாளியோடு தேயிலைக்குள்ளிருந்து ஏறி வந்தாள்.

"சாக்க எடுக்காம ஓட்டிக்கிட்டு வந்தா கொதிக்காம என்னங்கய்யா செய்யும்?"

காலைக் குளிரில் எஞ்சின் சூடேற வேண்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைச் செருகி வைப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான். இவர் அதை எடுக்க மறந்திருக்கிறார். முன்கம்பிகளுக்குப் பின்னால் இருந்ததால் கண்ணில் படவில்லை. முகம் கறுத்து, குனிந்து அதை இழுத்தார். அதற்குள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்த என் கண்முன்னே, அவள் வெறுங்கையால் மூடியைத் திருகிவிட்டாள். ஆவி அவளைக் கழுத்துவரை மூடியது. அவளிடமிருந்து 'ஸ்' என்றொரு சத்தம்கூட வரவில்லை.

"எஞ்சின ஓட விடுங்க" என்று சொல்லி, வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பிறகு ஜன்னலருகே வந்து, அதே கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். என் இடது கன்னத்தையும் தொட்டாள். "பயப்படாதம்மா." நான் பிள்ளையைக் குனிந்து பார்த்து நிமிர்ந்தபோது அவள் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "காய்ச்சலே இல்லையே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அதற்குத் தலையாட்டினார். விடிய விடிய பிள்ளை முனகியதைக் கேட்ட மனுஷன். ஊரெல்லாம், சாக்கைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார். அவளைப் பற்றிக் கேட்டால், "கம்பளியச் சுத்திப் பிடிச்சிருப்பா" என்கிறார். குனிந்து நின்றவர் அவர், பார்த்தவள் நான்.

கொதிக்கிற மூடியைத் திருகிய அந்தக் கை பனி போலச் சில்லிட்டிருந்தது. இன்றைக்கும் காலையில் முகம் கழுவினால் வலது கன்னம் விறைக்கிறது, அவள் தொட்ட இடது கன்னத்தில் குளிர் தெரிவதே இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.