பாட்டில் ஓடிய கை

பட்டறையில் அவருக்குக் கச்சேரி என்று பெயர். பாடத் தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வாயைத் திறந்து பாடினால் பூனைகூட எழுந்து வேறு இடம் பார்க்கும். மேசை, நாற்காலி, கட்டில்களுக்குப் பாலிஷ் போடுவது அவர் வேலை. ரேடியோ ஓடினால்தான் அவருக்குக் கை ஓடும். அதனால் வந்த பெயர்.

காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ரேடியோவைத் திருகுவார். அப்புறம்தான் பாலிஷ் டப்பாவைத் திறப்பார். கரண்ட் இல்லாத நாளில் மனிதரைப் பார்க்கச் சகிக்காது. டப்பாவைத் திறப்பார், மூடுவார், தலையைச் சொறிவார், வெயிலைத் திட்டுவார். முதலாளி வந்து கேட்டால் "மரம் இன்னும் காயலைங்க" என்று ஒரு சாக்குச் சொல்வார். அந்த மரம் காய்ந்து மாதக்கணக்காகியிருக்கும்.

இதைச் சோம்பல் என்று சொன்னால் பாவம். துணியைப் பந்தாகச் சுருட்டிப் பாலிஷில் நனைத்து, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராக ஓட்ட வேண்டும். நடுவில் கை தயங்கினால் தயங்கின இடத்தில் துணி ஒட்டிக்கொண்டு தழும்பு விழுந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மற்றவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு கையைச் சீராக ஓட்டுகிறார்களோ தெரியாது, இவர் பாட்டைப் பிடித்துக்கொண்டார். வேலையின் அளவையே பாட்டில்தான் சொல்வார். "இந்த நாற்காலி ரெண்டு பாட்டுதான். அந்த அலமாரி இருக்கே, அதுக்கு நாள் பூரா பாடணும்" என்பார்.

அதே பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர் அவருடைய மனைவியின் தம்பி. "மாமா, ஒரு நாளாவது எங்க காதுக்கு லீவு குடுங்களேன்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். மாமா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வீட்டில் ரேடியோ கிடையாது. மனைவிக்குச் சலவைக் கடையில் வேலை. பகல் முழுக்க இயந்திரங்களின் கடகட சத்தத்தில் நின்றுவிட்டு வருபவளுக்கு வீட்டுக்குள் ஒரு ஈ பறந்தாலும் எரிச்சல் வரும். எனவே வீட்டில் பாட்டு இல்லை; பாட்டு இல்லாததால் வீட்டில் கச்சேரி ஒரு துரும்பையும் அசைத்ததில்லை. ஒரு பல்பு மாட்டச் சொன்னால் மறுநாள் இருட்டில்தான் சாப்பிடுவார்கள். "வெளியில சுறுசுறுப்பு, வீட்டுக்கு வந்தா மரக்கட்டை" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

கேட்கும் சக்தி எப்போது போகத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. ரேடியோ சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எதிர்க் கடைக்காரர் வந்து சண்டை போட்டார். கச்சேரியோ ரேடியோதான் கெட்டுப்போய்விட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினார். "இதுக்கு ஒண்ணும் இல்லையே பெரியவரே" என்றார் கடைக்காரர். இவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று இன்னொரு கடைக்குப் போனார். வீட்டில் மனைவி எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினார். "இந்த மனுஷன் இப்பத்தான் எதிர்த்துப் பேசாம இருக்கார்" என்று அவள் தம்பியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு அழுதாள்.

ஒரு காலை, பட்டறையைப் பெருக்கும்போது யாரோ துடைப்பத்தால் இடித்து ரேடியோவின் முள் நகர்ந்துவிட்டது. வெறும் இரைச்சல். கச்சேரி சரிசெய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ஒரு பெரிய சாப்பாட்டு மேசைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தலை ஆடிக்கொண்டிருந்தது. கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அன்றைக்குப் போல அவர் கை என்றைக்கும் ஓடியதில்லை என்று தையல்காரம்மா சொன்னாள்; சோபாக்களுக்கு உறை தைப்பவள் அவள்.

தச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு அருகில் போனார். "மாமா, வெறும் இரைச்சல்தானே வருது. இதையா கேட்டுக்கிட்டிருக்கீங்க?"

கச்சேரி அவர் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "குறுக்க பேசாதடா மாப்ள. நல்ல இடத்துல போய்க்கிட்டிருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. தச்சருக்கு அப்போதாவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும். பேசாமல் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தால் எத்தனையோ நன்றாக இருந்திருக்கும். அவர் பதற்றத்தில் ரேடியோவை நிறுத்தினார். கச்சேரியின் தலை அப்போதும் ஆடியது. பிளக்கையே பிடுங்கி, ஒயரை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். கச்சேரி ஒயரைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். மேசையின் நடுவில் அவர் கை நின்றது.

டாக்டர் நரம்பு என்றார். காதில் மாட்டும் மெஷின் ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டால் தகர டப்பாவைத் தரையில் இழுப்பதுபோல் இருந்தது. கழற்றி வைத்துவிட்டார்.

"அப்போ நான் கேட்டது என்ன?" என்று மனைவியைக் கேட்டார். "அன்னிக்கு நான் கேட்டேனே. வாத்தியம்கூட கேட்டுச்சே. அது என்ன?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். உள்ளேயிருந்துதான் பாடியிருக்கிறது என்று அவருக்கே புரிந்தது. புரிந்த பிறகு அது பாடவில்லை. முதல் அடி வரும், இரண்டாவது அடிக்குள் அந்தப் பிடுங்கிய ஒயர் கண் முன்னால் வந்து நிற்கும்.

காலையில் எழுந்திருக்க மனம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பட்டறைக்குப் போன நாட்களில் எதைத் தொட்டாலும் தழும்பு. முதலாளி நல்லவர்தான், ஆனால் எத்தனை மேசையைத்தான் சுரண்டுவார்? "இந்த வாரம் பாக்குறேன், அப்புறம் வேற ஆளை வெச்சுக்கறேன்னு உங்க மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று தச்சரிடம் சொல்லிவிட்டார்.

தச்சர் அதை அக்காவிடம் போய்ச் சொன்னார். அவள் தம்பியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்டா" என்றாள். அப்புறம் அவளே போய்ப் படுத்திருந்தவரை உலுக்கி எழுப்பினாள். வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அங்க எல்லாரும் பாட்டுக் கேட்டுத்தானே வேலை செய்யறாங்க. அவங்க கையைப் பாருங்க. கையைப் பாத்தா பாட்டு தெரியாதா உங்களுக்கு?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டார். அன்றைக்கு அவரே தலை வாரிக்கொண்டு போனார்.

பட்டறையில் ரேடியோவின் சின்ன விளக்கு எரிந்தது. ஒரு நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து, துணியை நனைத்து வைத்துக்கொண்டு, கைகளைப் பார்த்தார். தையல்காரம்மா கத்தரியால் வெட்டினாள், நிறுத்தி மூக்கைச் சொறிந்தாள், மறுபடி வெட்டினாள். ஒருவர் ஆணி அடித்தார், நினைத்தபோது அடித்தார். தச்சர் இழைத்துக்கொண்டிருந்தார், கட்டை கடினமான இடத்தில் மெதுவாக, இளகின இடத்தில் வேகமாக. ஒருவர் கையும் இன்னொருவர் கையோடு சேரவில்லை. எந்தக் கையிலும் பாட்டு இல்லை.

"மாப்ள, ரேடியோ ஓடுதுல்ல?"

தச்சர் ஆமாம் என்று பெரிதாகத் தலையாட்டினார்.

"பாட்டா? பேச்சா?"

"பாட்டுதான் மாமா."

பட்டறையே தன்னைப் போலப் பாட்டில்தான் ஓடுகிறது என்று இத்தனை வருஷமும் அவர் நம்பியிருந்தார். கிண்டல் செய்தாலும் அவர்கள் கைக்கும் அது வேண்டியிருக்கிறது என்று நினைத்திருந்தார். அவர்கள் பாட்டுக்கு வேலை செய்யவே இல்லை. அவருக்காக அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். துணியிலிருந்த பாலிஷ் விரல்களுக்கிடையில் காயத் தொடங்கியது.

மாமாவின் பார்வை, இழைக்கும் தன் கையிலேயே நிற்பதைத் தச்சர் கவனித்தார். அக்கா ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. உடனே நிமிர்ந்து நின்று, ரேடியோவைக் காது கொடுத்துக் கேட்டு, தலையை ஆட்டி ஆட்டி இழைப்புளியைத் தள்ளினார். பாவம், தாளம் என்றால் என்னவென்றே அறியாத மனிதர். இரண்டு தடவை நீளமாகத் தள்ளினார், ஒரு தடவை குட்டையாக, பிறகு நடுவில் நின்று மூச்சு வாங்கி, அவசரமாக மூன்று தடவை. மாமாவைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

கச்சேரி எழுந்து வந்து அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து நிறுத்தினார்.

"விடுடா மாப்ள," என்றார். "இப்படி ஒரு பாட்டு எங்கேயும் கிடையாது."

சொல்லிவிட்டுத் துணியை டப்பாவின் மேல் போட்டார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று முதலாளியின் அறையைக் கையால் காட்டினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, அதே தப்புத் தாளத்தில் இன்னும் இழைத்துக்கொண்டிருந்தார்.