நண்டு வளையில் என் கைவேலை

பொங்கலுக்கு ஆரணியில் பட்டுத் தறியை நிறுத்திவிட்டு, மகள் வேலை பார்க்கும் தீவுக்குப் போனேன். நண்டுகளை ஆராயும் சின்ன நிலையம் அது. போனில் சிக்னல் இல்லை. அடுத்த படகு எட்டு நாள் கழித்துத்தான். மகளோ பேசக்கூட நேரமில்லாமல் நோட்டும் கையுமாக அலைந்தாள். ஒரே பேஜார்.

மூன்றாம் நாள் காலையில் தனியாக நடந்தேன். நண்டு வளைகளின் வாயில் குறுக்கே மகள் பட்டு இழை கட்டியிருந்தாள். எங்கள் வீட்டு இழை! பல அறுந்து கிடந்தன. அறுந்த இழையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. உட்கார்ந்து, இணைத்த இடமே தெரியாமல் எல்லாவற்றையும் முறுக்கிச் சேர்த்தேன். ஒத்தாசை செய்துவிட்ட பெருமை வேறு.

நோட்டோடு வந்தவள் குழம்பினாள். "ராத்திரி ஒரு நண்டுகூட வெளிய வரலையா?"

"சும்மா சுத்திகினு இருந்தேன். இழையெல்லாம் அறுந்து கெடந்துச்சு, சேத்துட்டேன்," என்றேன்.

"இன்னாப்பா பண்ணி வச்சிருக்க! அறுந்திருந்தாதான் நண்டு வந்துச்சுன்னு அர்த்தம். எது எது அறுந்துச்சு, காட்டு."

தொடாதே என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? எரிச்சலோடு மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. அவள் அந்த நாளின் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள்.

என் கைவேலை கொஞ்சம் மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியது, வாழ்க்கையில் அந்த ஒரு காலையில்தான்.